அக்கா வீடு இருந்த பக்கம்

ஜனவரி 9

காற்று அசையவே இல்லை. அக்கா மதிலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "உன் வீட்டுக்காரர் துணி காயப்போடுற லட்சணத்தப் பாருடி, சட்டையெல்லாம் தூக்குல தொங்குற மாதிரி" என்றாள். இவர் காதில் விழாதவர்போல அடுத்த சட்டையையும் அப்படியே மாட்டினார். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். பின்னால் எவ்வளவு கூச்சல் எழுந்தாலும் திரும்பாமல் இருந்து பழகிவிட்டது.

ஆய்வகத்துக்காக அணையில் தண்ணீர் மாதிரி எடுக்கப் போனேன். கரைச் சேறு பாளம் பாளமாக வெடித்திருக்கிறது. காட்டுக்குள் நடந்தால் சருகு அப்பளம்போல் நொறுங்குகிறது.

ஜனவரி 17

மலைக்குப் பின்னால் புகை. தூரத்தில்தான் என்கிறார்கள்.

ஜனவரி 19

கீழூர் பள்ளிக்கூட மண்டபத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். மதியத்துக்குள் எல்லோரும் இறங்கிவிட வேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே போனார்கள். நடக்க முடியாதவர்களை ஏற்றி வர இவர் பேருந்தோடு மறுபடி மேலே போயிருக்கிறார். போகாதீங்கன்னு சொல்ல வாய் வரல. சொன்னா மட்டும் கேட்டிருப்பாரா?

அத்தான் கிளம்பவே மாட்டேன் என்றார். கூரைமேல் ஏறி ரப்பர் குழாயால் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். குழாயில் வந்தது மூக்கு ஒழுகுகிற அளவுதான். "இது நான் கட்டின வீடு. விட்டுட்டு வரமாட்டேன்" என்றார். அக்கா கீழே இருந்து, "நீங்க நான் கட்டிக்கிட்ட ஆளு. எறங்குங்க" என்றாள். இறங்கிவிட்டார். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

வெளியே வானம் செங்கல் நிறம். இவர் இன்னும் வரல.

ஜனவரி 20

வந்துட்டார். தலையெல்லாம் சாம்பல். தண்ணீர் குடித்துவிட்டுத் தரையிலேயே படுத்துத் தூங்கிவிட்டார். அது போதும்.

ஜனவரி 24

மேலே போய்ப் பார்க்க விட்டார்கள்.

எப்படி எழுதுவது? எங்கள் தெருவில் வீடுகளே இல்லை. எங்கள் வீட்டைத் தவிர. தீ அக்கா வீட்டை முடித்துவிட்டு, மதில் வரைக்கும் வந்தபோது, காற்று திரும்பியிருக்கிறது. எங்கள் கொல்லையில் பிளாஸ்டிக் வாளிகூட உருகவில்லை. ஏன் எங்களுடையது மட்டும்?

அக்கா தன் வீட்டைப் பார்ப்பதற்கு முன் எங்கள் வீட்டைத்தான் பார்த்தாள். "உன்னது இருக்குடி" என்றாள். குரலில் பொறாமை இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். சந்தோஷம் இருந்தது.

அத்தான் சாம்பலைக் கிளறி ஒரு கதவுக் கீலை எடுத்தார். ஆட்டிப் பார்த்தார். திரும்ப அதே இடத்தில் வைத்துவிட்டார்.

ஒரு பறவை இல்லை. பூச்சிச் சத்தம்கூட இல்லை. இந்த ஊரில் பிறந்த நாளிலிருந்து இப்படி ஒரு அமைதியைக் கேட்டதில்லை.

பிப்ரவரி 6

அக்காவும் அத்தானும் எங்கள் முன்னறையில் இருக்கிறார்கள். அக்காவுக்கு ஒவ்வொன்றாக நினைவு வருகிறது. பாத்திரம் கழுவும்போது கையை அப்படியே நிறுத்தி, "அந்தப் பச்சை ஸ்வெட்டரும் போச்சுல்ல?" என்கிறாள். அம்மா பின்னியது. முதலில் அக்கா போட்டு, பிறகு நான் போட்டு, பிறகு அவள் மகள் போட்டது. ஒரு கை மட்டும் நீளமாக இருக்கும். நாங்கள் இருவரும் அந்த நீளக் கையை வைத்து யானை விளையாடுவோம். இன்றும் விளையாடிக் காட்டினோம், ஸ்வெட்டர் இல்லாமல். நல்லவேளை, இவர் பார்க்கவில்லை.

சாப்பிட்ட பிறகு, "என் வீட்டுக் கதவைத் தொறந்து உள்ள வா. என்னென்ன இருக்கு, சொல்லு" என்றாள். சொன்னேன். செருப்பு அலமாரி, அத்தான் செய்த ஊஞ்சல் நாற்காலி, வலது பக்கச் சுவரில் முட்டை வடிவக் கண்ணாடி.

"வலது பக்கமா? எத்தன வருஷமா வந்துபோற, இதுகூடத் தெரியாதா உனக்கு?"

உண்மையாகவே கோபம். கண் கலங்கிவிட்டது. அறைக்குள்ளிருந்து அத்தான் குரல்: "மொதல்ல வலது பக்கந்தான் இருந்துச்சு. ஈரம் ஊறுதுன்னு நாந்தான் எடது பக்கம் மாத்தினேன்."

தீக்குப் பிறகு அவர் இவ்வளவு நீளமாகப் பேசியது இன்றுதான். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிப்ரவரி 21

மழை, மழை என்று ஏங்கினோம். வந்தது. பிடித்து நிறுத்த வேர் இல்லாத மலை, சாம்பலையும் மண்ணையும் அப்படியே அணைக்குள் கொட்டிவிட்டது. தண்ணீர் மை மாதிரி. மீன்கள் வயிறு தெரிய மிதக்கின்றன. குழாய்த் தண்ணீரைக் குடிக்க வேண்டாம் என்று ஊர் முழுக்க அறிவித்துவிட்டோம். ஆய்வகத்தில் தண்ணீர் வடிகட்டும் தாளை மாற்ற மாற்றக் கறுக்கிறது.

லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்றபோது முன்னால் இருந்த பெண், "உங்க வீடு மட்டும் எப்படிங்க தப்பிச்சுது?" என்றாள். சாதாரணமாகத்தான் கேட்டாள். குடத்தை முன்னால் நகர்த்தி வைத்தேன்.

மார்ச் 11

இன்றும் தண்ணீர் டீ நிறம்.

ஏப்ரல் 6

மகளிடமே போய்விடுவதாக அக்கா சொல்கிறாள். நகரத்துக்கு. ஐந்தாவது மாடிக்கு.

"வீடு கட்டிக்கலாம்கா. அத்தான் கையால கட்டாத வீடா?"

"அந்தக் கைதான்டி வரமாட்டேங்குது. உன் மேசைக்கால் ஆடுது. தெனமும் அதுலதான் சாப்பிடறார். ஒரு ஆப்பு வைக்கத் தோணல. பழைய மனுஷனா இருந்தா விட்டிருப்பாரா? ஜன்னல் வழியா அந்த இடத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கார். இன்னும் கொஞ்ச நாள் இப்படியே இருந்தா எனக்கு அவர் மிஞ்சமாட்டார்."

அதற்குமேல் நான் என்ன பேசுவது? ஆனாலும் பேசினேன். "அப்ப நான்?" குழந்தை மாதிரி.

அக்கா என் தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டாள்.

மே 2

போய்விட்டார்கள்.

மே 3

காபி நான்கு டம்ளர் போட்டுவிட்டேன்.

ஜூன் 15

கரியான மரங்களின் அடியில் பெரணிகள் சுருண்டு எழுகின்றன. காலையில் ஏதோ ஒரு குருவி. ஒன்றுதான். இவர் என்னை எழுப்பிக் கேட்கச் சொன்னார். இருவரும் படுக்கையிலிருந்தபடியே கேட்டோம்.

பேருந்தில் பாதி இருக்கை காலியாம். நிறையக் குடும்பங்கள் திரும்பவில்லை. "ஒருத்தன்கூடச் சண்டை போடமாட்டேங்கறான்" என்கிறார். முன்பெல்லாம் சாயங்காலம் வந்து, காது வலிக்கிறது, அரை மணி நேரம் யாரும் பேசாதீர்கள் என்பார். மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அக்கா வேண்டுமென்றே சத்தமாகப் பாடுவாள். குரல் சகிக்காது. அந்தச் சகிக்காத குரலுக்காக இன்று சாயங்காலம் முழுக்கக் கொல்லையில் நின்றேன்.

செப்டம்பர் 3

அக்கா பேசினாள். கீழ்வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்த முடியவில்லை என்று புலம்பியிருக்கிறார்கள். அத்தான் மரம் சீவ ஒரு இழைப்புளி இரவல் வாங்கிப் போய்ச் சரிசெய்துவிட்டு வந்தாராம். "சட்டையெல்லாம் மரத்தூளோட வந்து நின்னார்டி. திட்டவே மனசு வரல."

மனையை விற்கப்போகிறார்களாம். அதையும் சொன்னாள். நல்லது என்றேன். போனை வைத்துவிட்டு அழுதேன். எதற்கென்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அக்டோபர் 27

அணைத் தண்ணீர் இன்று தெளிவு. ஆய்வகத்தில் எல்லோரும் ஒரு டம்ளர் குடித்தோம்.

மாலையில் ஒரு இளம் ஜோடி அக்கா மனையைப் பார்க்க வந்தார்கள். இப்போது அங்கே முழங்கால் உயரப் புல். அந்தப் பெண் மதில்மேல் கை வைத்து எட்டிப் பார்த்து, "அக்கா, ஒண்ணு கேக்கலாமா? இங்க மறுபடியும் தீ வருமா?" என்றாள். கணவன் சங்கடமாகச் சிரித்தான்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம்.

"வரும்" என்றேன். "எப்ப கெளம்பணும், எந்தப் பக்கமா எறங்கணும், நான் சொல்லித் தர்றேன். மரத்த மட்டும் வீட்ட ஒட்டி வைக்காதீங்க."

அவள் உடனே போகவில்லை. எந்த மரம், எவ்வளவு தள்ளி, கூரைக்கு என்ன போடுவது என்று இருட்டும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

அக்காவைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன். "எப்படிப்பட்டவங்க?" என்றாள்.

"அவன் கொஞ்சம் பயந்த ஆள். அவ விடாம கேள்வி கேக்கறா."

அக்கா மூக்கை உறிஞ்சினாள்.

"சரி, ஆரம்பத்துலயே ரொம்பப் பேசிடாதடி. ஓடிப்போயிடப் போறாங்க."