பூவிழியைப் பார்த்துச் சிரித்த ஞாயிற்றுக்கிழமை

ஆவடி குவார்ட்டர்ஸ்

அன்பு மகள் பிரியாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம் என்றுதான் எப்போதும் ஆரம்பிப்பேன், இன்றைக்கு அந்த வரியை எழுதக் கை வரவில்லை. உடம்புக்கு யாருக்கும் ஒன்றும் இல்லை, பயப்படாதே, அம்மாவின் முட்டிவலி மட்டும் அப்படியேதான். நீயும் மாப்பிள்ளையும் கனடாக் குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போங்கள். பூந்தமல்லிப் பக்கம் போனால் மெட்ரோ வேலைத் தூசியில் சட்டை நிறமே மாறிவிடுகிறது, ஊர்ச் செய்தி அவ்வளவுதான். போனில் சொல்லாமல் எதற்குக் காகிதம் என்று கேட்பாய். இந்த ரெண்டு ரூம் வீட்டில் நான் பேசினால் உன் தங்கை ரோஷினிக்குக் கேட்கும். வீடியோவில் உன் முகத்தைப் பார்த்துச் சொல்லவும் வெட்கமாக இருக்கிறது. அதனால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன், என் கையெழுத்து புரியாத இடத்தைப் பெரிசு பண்ணிப் படி.

நம் குவார்ட்டர்ஸ் கிளப் லைப்ரரிக்கு நான்தான் செக்ரட்டரி என்பது உனக்குத் தெரியும். ரோஷினி பிளஸ் ஒன் வந்ததிலிருந்து அங்கே இருந்து ஒரே நாவலைத் திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தாள். சாப்பிடும்போதும் அது பக்கத்தில், தலையணைக்குக் கீழேயும் அது. அரையாண்டில் மார்க் வேறு குறைந்தது. எனக்குக் கோபம் புத்தகத்தின் மேல் திரும்பியது. அதில் பூவிழி என்று ஒரு பள்ளிக்கூடப் பெண். வீட்டில் பொய் சொல்கிறாள், கிளாஸில் அடுத்தவள் பேனாவை எடுத்து ஒளித்து வைக்கிறாள், மத்தியானம் பாத்ரூமுக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு சாப்பிடுகிறாள். நான் ஃபேக்டரியில் இன்ஸ்பெக்ஷன்காரன் இல்லையா, ஒரு லாட் சரக்கில் ரெண்டு மூணு பீஸ் எடுத்துப் பார்த்து மொத்தத்தையும் ரிஜெக்ட் பண்ணிப் பழகிய கை. அதே மாதிரி ரெண்டு மூணு பக்கம் பார்த்துவிட்டு இந்தக் குப்பை லைப்ரரியில் இருக்கக்கூடாது என்று முடிவு கட்டிவிட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கமிட்டி மீட்டிங். புத்தகத்தை நீயே கொண்டு வந்து கொடு என்று ரோஷினியையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனேன். அந்தப் பாத்ரூம் பக்கத்தை எழுந்து நின்று குரலை இழுத்து இழுத்து வாசித்துக் காட்டினேன் பிரியா. கமிட்டி மெம்பர் நாகப்பன், இன்னா சார் இது, கக்கூஸ்ல குந்திகினு சோறு துன்ற பொண்ணுக்குலாம் ஒரு கதையா என்றான். நான் விட்டேனா, இப்படி ஒரு பெண் எந்த வீட்டில் இருப்பாள், அப்படியே இருந்தாலும் பெற்றவனுக்குத் தெரியாமலா போகும் என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். ரோஷினி கேரம் போர்டு பக்கத்தில் உட்கார்ந்து காய்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். புத்தகத்தை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தோம்.

மறுநாள் காலையில் அம்மா கட்டிய டிபன் பாக்ஸை மேஜை மேலேயே விட்டுவிட்டு, இனிமேல் எனக்கு டிபன் வேண்டாம்மா என்றாள். ஏன் என்று அம்மா கேட்டதற்கு, அப்பா நேற்று வாசித்தாரே, அதேதான், நானும் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டுதான் சாப்பிடுகிறேன், செக்ஷன் மாற்றினதிலிருந்து யாரும் பக்கத்தில் இடம் விடுவதில்லை என்றாள். பூவிழி ஒருத்திதான் எனக்குத் துணை, அவளையும் நிற்க வைத்து எல்லாரையும் சிரிக்க வைத்துவிட்டார் என்று சொல்லிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். நான் உள்ளே ஷேவ் பண்ணிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். கண்ணாடியில் என் முகத்தை எனக்கே பார்க்கப் பிடிக்கவில்லை.

அன்றைக்கே கிளப் பீரோவைத் திறந்து அந்த நாவலை எடுத்துக்கொண்டு போய் ஃபேக்டரி கேன்டீனில் முழுசாகப் படித்தேன். பூவிழியின் அப்பா கெட்டவன் இல்லை. ஃபீஸ் கட்டுகிறான், மழையில் நனைந்துகொண்டு கூட்டிப்போக வருகிறான், தினமும் மார்க் மட்டும் கேட்கிறான். கெட்டவனாக இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். புத்தகத்தை ரோஷினி கையில் கொடுத்துத் தப்பு பண்ணிவிட்டேன் கண்ணு என்றேன். வாங்கிக்கொண்டாள். வருகிற மீட்டிங்கில் நான் சொன்னது தப்பு என்று எல்லார் முன்னாலும் சொல்லப் போகிறேன் என்றதற்கு, என் பேரைச் சொல்லாதீங்க என்றாள். அதற்குப் பிறகு இதுவரை என்னிடம் பேச்சில்லை. அம்மா பள்ளிக்கூடம் போய் டீச்சரைப் பார்த்துவிட்டு வந்தாள், பார்க்கிறோம் என்றார்களாம். தினமும் டிபன் கட்டுகிறாள், அது தினமும் மேஜையிலேயே இருக்கிறது. நீ ரோஷினியைக் கூப்பிட்டுப் பேசு, நான் எழுதினதாகக் காட்டிக்கொள்ளாதே. படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காதே.

ரெண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துச் சந்தோஷமாக இருங்கள், என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. மறக்காமல் ஒன்றுக்கு மட்டும் பதில் எழுது. நீயும் அதே பள்ளிக்கூடத்தில்தான் பிளஸ் ஒன் படித்தாய். தினமும் டிபன் பாக்ஸ் காலியாகத்தான் வீட்டுக்கு வரும், அதைப் பார்த்து நானும் அம்மாவும் நிம்மதியாகத் தூங்கினோம். மத்தியானம் நீ யாரோடு சாப்பிட்டாய் என்று நான் கேட்டதே இல்லை. யாரோடு சாப்பிட்டாயம்மா?

உன் அப்பா,
கிருபாகரன்