ஏழுமலையின் வண்டிக்குப் புது ஸ்பீக்கர்

அன்பு மாப்பிள்ளை ஏழுமலைக்கு,

உன் பெரிய மோட்டார் சைக்கிளின் ஸ்பீக்கரை மாற்றிவிட்டேன். உடனே கோபப்படாதே, முழுக்கக் கேள்.

ஊர் பார்க்கும்போது நீ என் தங்கை புருஷன். "வாங்க மாப்பிள்ளை", "சொல்லுங்க மச்சான்" என்று ஒரே மரியாதை. வண்டி மரக்காணத்தைத் தாண்டிவிட்டால் பள்ளிக்கூடக் காலத்து வாடா போடா. இந்தக் கடிதத்தையும் மரக்காணம் தாண்டியதாகவே வைத்துக்கொள்.

நீ போன சில மாதங்களில் தங்கச்சி வசந்தா சாவியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். "கவர் போட்டு நிக்கறதப் பாக்க முடியல ணா. நீயே ஓட்டு" என்றாள். பத்து வருடம் உன் பின்சீட்டில் உட்கார்ந்தவன் முதன்முதலாக முன்சீட்டுக்கு வந்தேன். அந்தக் கனத்தை ஸ்டாண்டிலிருந்து எடுப்பதற்குள் இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது. நீ எப்படி அதை ஒரு கையால் திருப்பினாய்?

முதல் நாளே நீ போடும் பாட்டுகளைப் போட்டேன். நாற்பதில் அரைகுறையாகக் கேட்டது. அறுபதில், டப்பாவுக்குள் வண்டு மாட்டிக்கொண்டது போல ஒரு முனகல். எண்பதில் அதுவும் இல்லை. இதே வண்டி, இதே ஸ்பீக்கர். கன்னியாகுமரி வரைக்கும், குடகு மலை ஏறி இறங்கும் வரைக்கும் உன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து வரிவரியாகக் கேட்டிருக்கிறேனே? அப்படியானால் மாறியது வண்டி இல்லை. என் காது.

செய்தியாளனுக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டால் சாட்சிகள் தாமாகவே வந்து நிற்கும். பேட்டிகளில் முன்வரிசையில் போய் உட்கார ஆரம்பித்தேன். போனில் பேசியவர்களை "இன்னொரு தடவை சொல்லுங்க" என்று கேட்டேன். மின்விசிறி ஓடினால்கூட எரிச்சல் வந்தது. அலுவலகத்தில் யாரிடமும் சொல்லவில்லை. காது போன நிருபரை யார் எங்கே அனுப்புவார்கள்?

வசந்தாவிடம் மட்டும் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவள் விடுவாளா?

"பாட்டு கேக்கலன்னா லாரி ஹாரன் மட்டும் எப்படிக் கேக்கும்? டாக்டர்கிட்ட போ. காது போச்சுன்னு சொல்லிட்டாருன்னா சாவியைக் குடுத்துரு. இந்த வீட்ல ஒருத்தர் போனது போதும் ணா."

எனக்குக் காது டாக்டரிடம் போக பயம். அதனால் முதலில் ஸ்பீக்கர் டாக்டரிடம் போனேன். நல்ல ஸ்பீக்கர் போட்டும் கேட்கவில்லை என்றால் சாவி வசந்தாவுக்கு, வேலையை விடுகிறேன் என்ற கடிதம் ஆபீசுக்கு. இதுதான் எனக்குள் நான் செய்துகொண்ட ஏற்பாடு.

பெரிய முதலியார்சாவடியில் சந்துரு என்று ஒரு பையன். பையன் என்றால் நாற்பது இருக்கும். மீன்பிடி படகுகளுக்கும் கார்களுக்கும் பாட்டு செட் போடுகிறான். உன் வண்டியின் முன்பக்கத்தைத் திறந்தவன் கையை எடுத்துப் பார்த்து, துணி தேடினான்.

"சார், இது ஸ்பீக்கரா, பேரிங்கா? யாரு சார் இதுக்கு இவ்ளோ கிரீஸ் வெச்சது?"

யார் என்று எனக்குத் தெரியாதா? உன் உப்பளத்தில் மோட்டாருக்குக் கிரீஸ், கொட்டகைப் பூட்டுக்குக் கிரீஸ், சைக்கிள் செயினுக்குக் கிரீஸ். உப்புக் காற்று தின்னாமல் இருக்க நீங்கள் எல்லாரும் செய்வதுதான். அதற்காக ஸ்பீக்கர் மூடியின் சல்லடை ஓட்டையிலுமா தடவுவாய்? அது வழிந்து உள்ளே இறங்கி, சத்தத்தை எழுப்பும் பேப்பர் கோனில் அப்பி, அதன் மேல் உப்புத்தூள் படிந்து, அப்பளத்துக்கு எண்ணெய் தடவியது போல இருந்தது.

"கம்பெனி ஸ்பீக்கர் நின்னுட்டு கேட்டா நல்லாத்தான் சார் இருக்கும். அறுபதைத் தாண்டினா காத்து தின்னுடும். இது அதுக்கு முன்னாடியே செத்துப் போச்சு. ரெண்டு வருசமாவது ஒழுங்காப் பேசியே இருக்காது."

"இல்லப்பா, போன வருசம்கூட பின்னால உக்காந்து கேட்டுட்டே போனேன்."

"பின்னாலயா?" அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "புது ஸ்பீக்கரே பின்னால கேக்காது சார். இது ஓட்டறவர் மூஞ்சிக்குத்தான்."

அப்போதுதான் உண்மையாகவே பயந்தேன், மாப்பிள்ளை. இருப்பது கேட்கவில்லை என்பது ஒரு நோய். இல்லாதது கேட்டிருக்கிறது என்றால் அதற்கு எந்த டாக்டர்?

சந்துரு படகுக்குப் போடும் வகையையே போட்டான். கோன் பேப்பர் இல்லை, பிளாஸ்டிக். தண்ணீரும் உப்பும் ஒன்றும் செய்யாது என்றான். சத்தத்துக்குத் தெம்பு கொடுக்க ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர். பின்னால் ஸ்பாஞ்சு வைத்து அடைத்து, இரண்டையும் என் முகம் பார்க்கத் திருப்பினான். முதலில் அவன் வைத்த பாஸ் அதிர்வில் வண்டிக் கண்ணாடிகள் இரண்டும் நடுங்கின.

"ஏம்பா, நான் என்ன சாமி ஊர்வலமா போறேன்? வார்த்தை கேக்கணும், அது போதும்."

"வயசுக்குத் தகுந்த மாதிரி வெச்சிடறேன் சார்" என்று குறைத்தான். அவன் சிரித்ததைக் கவனிக்காதது போல இருந்துவிட்டேன்.

ஊருக்குத் திரும்பும்போது பாட்டுப் போடவில்லை. தெரிந்த பாட்டென்றால் மனசே பாதியைப் பாடிவிடும், சோதனைக்கு ஆகாது. வானொலிச் செய்தி போட்டேன். நாற்பது, அறுபது என்று ஏற்றிக்கொண்டே வந்தேன். உப்பளம் இரண்டு பக்கமும் விரியும் இடம் உனக்குத் தெரியும், கடல் காற்று ஆளைத் தள்ளுமே. அங்கே எண்பது. வட மாவட்டங்களில் லேசான மழைக்கு வாய்ப்பு என்று அந்த அம்மா நிதானமாகச் சொன்னார். ஒவ்வொரு சொல்லும் கேட்டது, மாப்பிள்ளை. 'லேசான' கேட்டது, 'வாய்ப்பு' கேட்டது.

வண்டியை ஓரங்கட்டி இறங்கினேன். செய்தி ஓடிக்கொண்டே இருந்தது. பாத்தியிலிருந்து உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி, "ண்ணா, சத்தத்தைக் கொறைங்க, போன்ல பேச முடியல!" என்று கத்தினாள். என் வாழ்க்கையில் யாரும் அவ்வளவு சந்தோஷமான புகாரைச் சொன்னதில்லை.

வீட்டுக்கு வந்து வசந்தாவிடம் சொன்னேன். அவள் என் வார்த்தையை நம்பவில்லை. அடுப்படிக்குள் போய், முதுகைக் காட்டிக்கொண்டு, "டீ வேணுமா ணா?" என்று உதட்டுக்குள்ளேயே முணுமுணுத்தாள்.

"டீ போடு. சர்க்கரை கம்மியா" என்றேன்.

தண்ணீரைக் கொதிக்க வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். கண் கலங்கியிருந்தது. அதைச் சமாளிக்கத்தானோ என்னவோ, சிரித்தாள். ஸ்பீக்கர் இரண்டு வருடமாகச் செத்துக் கிடந்ததையும், ஆனால் நான் பாட்டுக் கேட்டதையும் சொன்னபோது அந்தச் சிரிப்பு பெரிதாகிவிட்டது.

"இப்பத்தான் ணா புரியுது, அவருதான் பாடினாரு! இவ்ளோ பெரிய வண்டி எதுக்குன்னு நீதானே கேட்ட? பாட்டு கேட்டுட்டே ஊரு சுத்தத்தான்னு உன்கிட்ட வீராப்பா சொல்லிட்டாரு. ஸ்பீக்கரு ஊமையாப் போச்சுன்னு மச்சான்கிட்ட எப்படிச் சொல்லுவாரு? பாடிக்கிட்டே வந்தாரு. ஒவ்வொரு தடவையும் தொண்டை கட்டி வந்து வெந்நீர் கேப்பாரு, உனக்குத் தெரியாது."

உன் தொண்டை கட்டியது தெரியும். காற்று என்றாய், நம்பினேன். நீ சேர்ந்து பாடுகிறாய் என்று தெரியும். நீ மட்டும்தான் பாடுகிறாய் என்று தெரியாது. யோசித்துப் பார்த்தால் அந்தப் பாட்டுகளில் மேளம் கேட்டதே இல்லை. காற்று எடுத்துக்கொண்டது என்று நினைத்தேன். எடுத்துக்கொண்டதெல்லாம் இல்லை, அது உன் குரலைக் கொண்டுவந்து என் காதில் போட்டுக்கொண்டிருந்திருக்கிறது. கன்னியாகுமரி வரைக்குமாடா பாடினாய்?

சாவி என்னிடமே இருக்கிறது. ஆபீசுக்குக் கடிதம் எழுதவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை வசந்தாவே கேட்டாள், இரும்பை சிவன் கோயிலுக்குப் போகலாமா என்று. நீ போன பிறகு அவள் அந்த சீட்டில் ஏறியது அதுதான் முதல் தடவை. உப்பளம் தாண்டியதும் தோளைத் தட்டினாள். "பின்னால ஒண்ணுமே கேக்கல ணா. என்னா பாட்டு ஓடுது?"

பின்சீட்டுக்கு இரண்டு ஸ்பீக்கர் சந்துருவிடம் சொல்லியாயிற்று, வரவேண்டும். ஆனால் அன்றைக்கு என்ன செய்வது? எனக்குப் பாட வராது, அது உனக்குத் தெரியும். அதனால் பாட்டை நிறுத்திச் செய்தியைப் போட்டேன். முன்னால் கேட்டதை ஒரு வரி விடாமல் திரும்பி உரக்கச் சொல்லிக்கொண்டே போனேன். கேட்டதைக் கேட்டபடி சொல்வதுதானே என் பிழைப்பு? இரும்பை போய்ச் சேர்ந்தபோது தொண்டை கட்டியிருந்தது. வசந்தா கடையில் வெந்நீர் வாங்கிக் கொடுத்தாள்.

இது வாக்கு, மாப்பிள்ளை: பின்சீட்டு ஊமையாக இருக்காது. ஸ்பீக்கர் பேசினால் ஸ்பீக்கர், இல்லையென்றால் நான். கிரீஸ் டப்பாவை மட்டும் வண்டிப் பக்கம் விடமாட்டேன்.

என்றும் உன் பின்சீட்டுக்காரன்,
உன் மச்சான் தேசிங்கு