கேரி ஆன் சொன்னவளுக்கு

நேரில் ஒருநாளும் பார்க்காத, சுவரில் தினமும் பார்க்கிற அக்காவுக்கு,

நீ கட்டியிருந்தவரைத்தான் நீ போனபிறகு நான் கட்டியிருக்கிறேன். மைசூருக்கு வந்து இரண்டு வருடமாகிறது. வீட்டுக்குக் கேபிள் டிவி வந்துவிட்டது. உன் மகள் செல்வி எட்டாவது போகிறாள். எல்லோரும் நலம். வயிற்றெரிச்சல் எனக்கு மட்டும்தான்.

எல்லாம் உன் 'கேரி ஆன்' செய்கிற வேலை. கான்வென்ட்டில் ஆயாவாக இருந்தபோது மிஸ் வாயிலிருந்து பிடித்துக்கொண்டாயாமே? இவர் ஃபேக்டரி பஸ்ஸுக்குக் கிளம்பினால், "கேரி ஆன் பண்ணுங்கப்பா" என்கிறாள் செல்வி. அக்ரஹாரத்துப் பூக்காரம்மாகூடச் சொல்கிறாள். அர்த்தம் தெரியாமல் முழித்தது நான் ஒருத்திதான்.

செல்வியைக் கேட்டேன்.

"நமக்காக நிக்க வேண்டாம், நீங்க பாட்டுக்கு நடத்துங்கன்னு அர்த்தம் சித்தி. அம்மா சோறு போட்டுட்டு, 'நீங்க கேரி ஆன் பண்ணுங்க, நான் அப்புறம் உக்காரறேன்'னு சொல்வாங்க. ஆஸ்பத்திரியிலயும் அப்பாகிட்ட அதத்தான் சொன்னாங்க."

சொல்லிவிட்டுப் புத்தகப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

போன வெள்ளிக்கிழமை உனக்குப் படையல். சுமங்கலியாகப் போனவளுக்குப் புதுப்புடவை வைத்துக் கும்பிட்டு, அதை வீட்டுக்காரி உடுத்த வேண்டும் என்பது நம் வழக்கமாயிற்றே. இவரே கடைக்குப் போய் மாம்பழ மஞ்சளில் எடுத்து வந்தார்.

"அவளுக்கு இதுதான புடிக்கும்?"

எனக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று இந்த மனிதர் இன்றுவரை கேட்டதில்லை, அக்கா! இலை போட்டு, சூடம் காட்டி, உன் படத்தைப் பார்த்துச் சொல்கிறார்: "நீ கேரி ஆன் பண்ணு. நாங்க அப்புறம் உக்காரறோம்." உயிரோடு பக்கத்தில் நிற்கிற எனக்கு ஒருநாளாவது அப்படிச் சொன்னாரா?

அந்த மஞ்சளை உடுத்திக்கொண்டு வந்து நின்றேன். புடவையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை. செல்விதான் எனக்கும் இலை போட்டாள். "நீங்க உக்காருங்க சித்தி, நான் அப்புறம் சாப்பிடறேன். கேரி ஆன்." உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தேன். வந்தது பொறாமையா, அழுகையா? எனக்கே தெரியவில்லை.

உன் மகளின் படிப்பை நிறுத்தமாட்டேன். இவரையும் பார்த்துக்கொள்வேன். ஆனால் அடுத்த படையலுக்குப் புடவை நான்தான் எடுப்பேன், கத்தரிப்பூ நிறத்தில். எனக்குப் பிடித்த நிறம் அது. உனக்குப் பிடிக்காவிட்டால் பொறுத்துக்கொள்.

எங்களுக்காக நிற்காதே. நீ கேரி ஆன் பண்ணு, அக்கா.

உனக்குப் பின்னால் வந்து உன் தங்கையாகிப்போன
கனகா