பன்றிக்கொழுப்பு தடவிய போல்ட்டுகள்

மார்ச் 3, 2009, செவ்வாய்

பாப்டிஸ்ட் கோவில் கூரை பனிப்பாரம் தாங்காமல் உட்கார்ந்துவிட்ட குளிர்காலம் அது. ஹோபர்ட் டீஸ்லியின் பசு குளத்துப் பனியை உடைத்துக்கொண்டு உள்ளே போக, நாலு பேர் கயிறு கட்டி இழுத்தோம். அந்த வருடம் ஆகஸ்டில்தான் நாடே கொண்டாடிய அந்த மெம்பிஸ் பாடகர் இறந்தார், என் மனைவி நெல்டா இரண்டு நாள் அடுப்பு மூட்டவில்லை. நான் அங்கே வேலை செய்தது எப்போது என்று அணுமின் நிலையத்திலிருந்து தொலைபேசியில் கேட்ட பொறியாளர் குயிஸன்பெரியிடம் இப்படித்தான் சொன்னேன். "அப்படின்னா எழுபத்தேழுங்களா ஐயா?" என்றார். இருக்கும். எண் அவர் பாடு.

பாதியில் நிறுத்திப் பூட்டிவைத்த நிலையத்தை மறுபடி கட்டி முடிக்கப் போகிறார்களாம். கேபிள் தட்டுகளைத் தாங்கும் இரும்புச் சட்டங்களில் ஏதோ கோளாறு. அதை மாட்டிய ஆட்களில் நான் ஒருவன். வெள்ளிக்கிழமை வரச் சொன்னார். நினைவுக்கு வருவதை அன்றன்று தேதி போட்டு எழுதிவைக்கவும் சொன்னார்.

எனக்கு எழுத்து தெரியாது. அது எனக்கும் நெல்டாவுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். அதனால் நான் சொல்கிறேன், அவள் எழுதுகிறாள். நான் சொன்னதை மட்டும் எழுத வேண்டும் என்றேன். "எழுதாட்டி மட்டும் உனக்குத் தெரியவா போகுது?" என்கிறாள். இதையும் எழுது என்றேன்.

மார்ச் 4

நாள் முழுக்க மழை. நல்ல சட்டையை நெல்டா தேய்த்து வைத்திருக்கிறாள், சாவுக்குப் போகிறவன்போல.

மார்ச் 6, வெள்ளி

போய்விட்டு வந்தேன். தலையில் தொப்பி, கண்ணுக்குக் கண்ணாடி, காதில் அடைப்பு. என்னை ஏதோ பீங்கான் ஜாடிபோல் பொதிந்துதான் உள்ளே விட்டார்கள்.

அந்தக் கேபிள் அறை அப்படியேதான் இருக்கிறது. அந்தக் குளிர்காலம் மூன்றாம் தூணிலிருந்து பதினொன்றாம் தூண்வரை எங்கள் வேலை. ஹோபர்ட் மேஸ்திரி. லோனி புரூயிட்டும் வர்ஜில் சாம்ஸும் சட்டத்தைப் பிடிப்பார்கள், நான் இறுக்குவேன். டார்க் ரென்ச் என்று ஒன்று தருவார்கள். குறித்த அளவுக்கு முறுக்கு ஏறியதும் டக்கென்று சொல்லும், அத்தோடு கையை எடுத்துவிட வேண்டும். ஒயிடா ஸ்ட்ரிக்லண்ட் அந்த 'டக்'கைக் கேட்டுவிட்டு, போல்ட் தலையில் மஞ்சள் கோடு ஒன்று இழுத்துத் தாளில் கையெழுத்துப் போடுவாள். அந்த வளாகத்தில் ஆய்வாளரான முதல் பெண் அவள்தான். அந்த வேலையை வாங்க அவள் பட்ட பாட்டை நான் பார்த்திருக்கிறேன்.

குயிஸன்பெரிக்கு ஐம்பது வயது இருக்கும், நிதானமான மனிதர். போன மாதம் ஒருவன் ஸ்பானர் வைத்ததும் ஒரு போல்ட் தலை பட்டென்று தெறித்துவிட்டதாம். இன்னும் நாலைக் கழற்றிப் பார்த்தால் கழுத்து இழுபட்டு மெலிந்திருக்கிறது. எதனால் என்று புரியவில்லை என்றார். பிறகு மேசையில் இரண்டு போல்ட்டை இறுக்கிக் காட்டினார். ஒன்று உலர்ந்தது, ஒன்றில் எண்ணெய். இரண்டுக்கும் ஒரே டக். ஆனால் எண்ணெய் போட்டது வழுக்கிக்கொண்டு கூடுதலாக ஏறி, கழுத்து நீண்டுவிட்டது.

"எண்ணெய் போட்டா இப்படி ஆகும். ஆனா உலர்ந்தபடிதான் இறுக்கணும்னு தாள்ல இருக்கு, கையெழுத்தும் இருக்கு. அதனால அது காரணமா இருக்காதுங்க ஐயா" என்றார்.

நான் தொப்பியையும் கண்ணாடியையும் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மார்ச் 7, சனி

நெல்டாவின் காப்பி டப்பா.

அவள் எழுதமாட்டேன் என்கிறாள். எழுது.

எங்கள் பக்கத்தில் போல்ட்டை உலர்ந்தபடி இறுக்குகிறவனைச் சோம்பேறி என்போம். வண்டிச் சக்கரமோ கலப்பையோ, அப்பா எதையும் பன்றிக்கொழுப்பில் தோய்க்காமல் முடுக்கியதில்லை. அந்தக் குளிரில் போல்ட்டுகள் கிறீச்சிட்டுத் திக்கித் திக்கி ஏறின. காலையில் பன்றிக்கறி வறுத்த கொழுப்பை நெல்டா டப்பாவில் ஊற்றிவைப்பாள் இல்லையா, அதை நான்தான் எடுத்துப் போனேன். ஒவ்வொரு போல்ட்டையும் முக்கி முக்கிப் போட்டேன். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் இறங்கியது. எவ்வளவு பெருமை எனக்கு!

எப்படி இறுக்க வேண்டும் என்று சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. தினமும் அதன்முன் நின்று தலையாட்டிவிட்டுப் போவேன். ஹோபர்ட்டுக்குப் படிக்கத் தெரியும். ஆனால் தாள் என்பது கைப்பக்குவம் இல்லாதவர்களுக்கு என்பான்.

"என் கொழுப்பு அணுமின் நிலையத்துலயா? பீன்ஸுக்குப் பத்தலன்னு அந்த வருஷம் பூரா உன்னைக் கேட்டேனே, நாய் தின்னுடுச்சுன்னியேய்யா!" என்று நெல்டா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். முப்பத்திரண்டு வருடம் கழித்து அந்த நாய்க்காக அழுகிறாள். அதைத் திட்டியிருக்கிறாளாம்.

சிரிப்பு ஒரு பக்கம். நாளைக்கு நிலநடுக்கம் வந்து சட்டம் கழன்று கேபிள் அத்தனையும் தரையில் விழுந்தால்? பம்புகளை ஓட்டுகிற கேபிள்கள் அவை. சொல்லியாக வேண்டும். சொன்னால், உலர்ந்தபடி இறுக்கினார்கள் என்ற ஒயிடாவின் கையெழுத்து பொய்யாகிப்போகும். எண்பத்தோரு வயதில் அவளுக்கு இதுவா? என் வாயாலா?

மார்ச் 8

கோவிலுக்குப் போனேன். பிரசங்கம் எதைப் பற்றி என்று கேட்டால் தெரியாது.

மார்ச் 10, செவ்வாய்

ஆற்றைத் தாண்டி ஒயிடா வீட்டுக்குப் போனேன். கினிக்கோழிகளுக்குச் சோளம் இறைத்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். தாளில் போட்டிருந்தது தெரிந்திருந்தால் செய்திருக்கமாட்டேன், எனக்குப் படிக்க வராது என்பதையும்.

அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்தேன். சிரிக்கிறாள்!

"மூணு மாசம்ப்பா கிளோவிஸ்! அந்த அறைக்குள்ள நுழைஞ்சாலே கறி வறுக்கிற வாசனை. யாரோ ஹீட்டர் மேல சாப்பாட்டைச் சூடு பண்றீங்கன்னு நெனச்சேன். பசியில எனக்கு மூணு சுத்து உடம்பு ஏறிச்சு."

சிரித்து முடித்து, சோளக்கூடையைக் கீழே வைத்தாள். எனக்குப் படிக்க வராது என்பது அவளுக்கு அப்போதே தெரியுமாம். வியாழக்கிழமை வேலைத்தாள் எது என்று நான் எழுத்தைப் பார்க்காமல், அதிலிருந்த காப்பிக் கறையைப் பார்த்துத்தான் எடுப்பேனாம். ஒரு தடவை பார்த்த போல்ட்டை மறக்காத ஆள், அது போதும் என்று விட்டுவிட்டாளாம். போல்ட்டின் திருகுமரையைத் துடைத்துப் பார்க்க வேண்டும் என்று தனக்கும் தோன்றவில்லை, 'டக்'கை மட்டும் கேட்டது தன் தப்பு என்றாள்.

"உன் பேர் கெட்டுப்போகுமேன்னுதான்" என்று இழுத்தேன்.

"என் கையெழுத்து அந்தச் சட்டத்தைத் தாங்கிப் பிடிக்காது, கிளோவிஸ். போல்ட்தான் பிடிக்கணும். நாளைக்கு எத்தன மணிக்குப் போறோம்?"

மார்ச் 11, புதன்

ஒயிடா உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு வந்திருந்தாள். அவள்தான் வண்டி ஓட்டினாள். நெல்டா பின்னால் உட்கார்ந்து இருவரையும் திட்டிக்கொண்டு வந்தாள்.

குயிஸன்பெரி முதலில் நம்பவில்லை. பிறகு பதினொன்றாம் தூணுக்குப் போய் ஒரு போல்ட்டைக் கழற்றி, துணியால் துடைத்து முகர்ந்தார். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

எத்தனை போல்ட் என்று கேட்டார். முதல் பனி விழுந்த வாரம் மூன்றாம் தூணில் தொடங்கினேன். வெயில் ஏறி டப்பா நாற ஆரம்பித்ததும் ஹோபர்ட் அதை ஆற்றில் வீசினான், அன்று பதினொன்றை முடித்திருந்தோம். அதற்கப்புறம் எல்லாம் உலர்ந்ததுதான். தூணுக்கு எத்தனை சட்டம், சட்டத்துக்கு எத்தனை போல்ட் என்று சொல்லச் சொல்ல அவர் கூட்டிக்கொண்டே வந்தார். அறுநூற்றுப் பன்னிரண்டு.

கட்டடம் முழுக்க நாற்பதாயிரத்தையும் கழற்ற வேண்டியிருக்கும் என்று பயந்துகொண்டிருந்தாராம். ஆனாலும் என் பேச்சை மட்டும் நம்பி விட முடியாது, இரண்டு பக்கமும் கழற்றிப் பார்த்தே தீர வேண்டும் என்றார். சரிதானே? ஒருமுறை துடைத்துப் பார்க்காமல்தானே இவ்வளவும்.

மார்ச் 17

தொலைபேசி வந்தது. இரண்டாம் தூணும் பன்னிரண்டாம் தூணும் உலர்ந்திருக்கின்றன, கழுத்து நன்றாக இருக்கிறது. நடுவில் இருப்பதெல்லாம் கொழுப்பு. நான் சொன்னபடியே. நெல்டாவிடம் இரண்டு தடவை சொன்னேன்.

மார்ச் 26, வியாழன்

கடைசிப் போல்ட்டை மாற்றுவதைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். பழையதைக் கழற்றி, சட்டத்தின் உட்புறத்தைத் துடைத்து, புதுசை வெறும் மரையோடு போட்டார்கள். கிறீச்சென்று முனகிக்கொண்டு ஏறியது. எனக்குப் பல் கூசியது. டக். ஆய்வாளன் 'டக்'கை மட்டும் கேட்கவில்லை, இறுக்குவதற்கு முன்பே வெள்ளைத் துணியால் மரையைத் துடைத்துப் பார்த்தான். புதிதாகச் சேர்த்த விதியாம்.

பிறகு அறிக்கையைக் கையெழுத்துக்காக என் பக்கம் நகர்த்தினார்கள். "எனக்கு எழுத்து தெரியாது, படிச்சுக் காட்டுங்க" என்றேன். ஒன்பது பேர் இருந்த அறை. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குயிஸன்பெரி ஒரு வரி விடாமல் படித்தார். ஒயிடாவின் கையெழுத்தைப் பற்றியும் இருந்தது. மரையைச் சோதிக்கும்படி அன்றைய விதியில் இல்லை, ஆய்வாளர் தானாக முன்வந்து தெரிவித்தார் என்று. அந்த வரியை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன்.

கடைசியில் குழுவிலிருந்தவர்களின் பெயர் கேட்டார், யார் யார் இருக்கிறார்கள் என்று குறிக்க வேண்டுமாம். ஹோபர்ட் டீஸ்லி, பைன் ஃபோர்க் கல்லறையில், ஓடைப்பக்கம். லோனி புரூயிட், நுரையீரல் போய் பதினாலு வருடம். வர்ஜில் சாம்ஸ், மீன்பிடிக்கப் போன இடத்தில், படகிலேயே, தூண்டிலில் மீனோடு. கிளோவிஸ் ஹேட்மேக்கர், எதிரே இருக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

"மஞ்சள் கோடு போட்டவங்க?" என்றார், பேனாவைப் பிடித்தபடி.

ஒயிடா ஸ்ட்ரிக்லண்ட். உயிரோடு இருக்கிறாள். கீழே வண்டியில் உட்கார்ந்துகொண்டு, இவ்வளவு நேரமா என்று ஹார்ன் அடிப்பது அவள்தான்.