பொன்னாடைக்கு நிற்காமல் ஓடினேன், மாப்பிள்ளை

என் உயிர்ச் சேக்காளி, என் தங்கையைக் கட்டிய மாப்பிள்ளை ராஜமணிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். நீ இருக்கிற இடத்தில் சுகத்துக்குக் குறைவில்லை என்று போதகர் சொல்லிவிட்டதால் அதை விசாரிக்கவில்லை. டீ மட்டும் எப்படியோ? நம் மில் கேண்டீனில் நான் போடுகிற டீ அங்கே கிடைக்காது, அது நிச்சயம்.

இந்தக் கடிதத்தைச் சபை மலரில் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். எழுத்துப் பிழையைப் போதகர் திருத்திவிடுவார். அளவுப் பிழையை நீ திருத்திக்கொள். "மச்சான் சொன்னா பாதியைக் கழிச்சிட்டுக் கேக்கணும்" என்று ஊருக்கே சொல்லிக்கொடுத்தவன் நீதானே. ஆறாம் வகுப்பை இரண்டு தடவை படித்ததால் எனக்குப் பன்னிரண்டாம் வகுப்பு அறிவு இருக்கிறது என்று சொன்னவனும் நீதான். அதில் மட்டும் ஏன் பாதியைக் கழிக்கவில்லை?

பகல் ஷிப்டில் நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அன்று, மதுரைக்குக் கொண்டுபோக வண்டி தேடி ஆளுக்கொரு திசையில் ஓடினோம். ஒரு வாடகைக் கார் வந்து நின்றபோது உனக்கு அது தேவைப்படவில்லை. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு வராது. அன்றையிலிருந்து தங்கச்சி எஸ்தர் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள்: "ஊருக்குன்னு ஒரு வண்டி இருந்திருந்தா..." எப்போதும் அதோடு நிறுத்திவிடுவாள்.

உன் ஓட்டக் குழுப் பையன்கள் ஐந்து பேரும் மில் முதலாளியிடம் போனார்கள். ஷெட்டில் சும்மா நிற்கிற பழைய வேனை ஏழைபாழைக்கு ஆஸ்பத்திரி வண்டியாகத் தர வேண்டும் என்று கேட்டார்கள். அவர் ஓட்டப் பைத்தியம், உனக்குத் தெரியும். "தாரேன். தளவாய்புரத்துல கிளம்பி, நம்ம ராஜபாளையம் வழியா, ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட் வாசலுக்கு மத்தியானச் சங்குக்குள்ள வாங்க. நாலு ஊரும் பாக்கட்டும். ஆனா டீம்னா ஆறு பேரு. ஆறு பேரும் ஒண்ணா வரணும். ஒருத்தன் வண்டியில ஏறுனாலும் வேன் கெடையாது" என்றுவிட்டார்.

ஆறாவது ஆள் நீ. உன் இடத்துக்கு யார் என்று கேண்டீனில் பேச்சு வந்தது. வடைச் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்த நான், தென்காசி பாசஞ்சர் ரயிலை ஓடி முந்திய கதையைச் சொல்லிவிட்டேன். வழக்கமாகச் சொல்கிறதுதான். பாவிகள், அன்றைக்குப் பார்த்து நம்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் எஸ்தர் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அண்ணே, பஸ்ஸை ஓடிப் புடிச்சிருக்கியா என்னைக்காவது?"

"ஏட்டி, ரயிலையே முந்துனவன் நான்!"

"சேத்தூர்கிட்ட எஞ்சின் நின்னுபோன ரயிலைத்தான முந்துன? அவிய எல்லாம் சொல்லியிருக்காவ."

மாப்பிள்ளை, இதையெல்லாமா பெண்டாட்டியிடம் சொல்வாய்?

பொறவு அவள் உள்ளே போய் உன் கேன்வாஸ் ஷூவை எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள். "ஓடுனா முழுசா ஓடு. பாதியில வண்டி ஏறிட்டேன்னு வந்து நிக்காத." அவ்வளவுதான் சொன்னாள். உன் ஷூவில் என் கால் நீந்தியது. முன்பக்கம் மில் பஞ்சைத் திணித்துக்கொண்டேன்.

ஓட்டத்துக்கு முந்தின வாரம் நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? சைக்கிளை எடுத்துக்கொண்டு வழிநெடுக எல்லா ஊரிலும் போய், "ஓட்ட வீரர் வாராரு, வரவேற்பு கொடுங்க" என்று சொல்லிவைத்தேன். வீரர் யாரென்று கேட்டவர்களுக்குப் பெயரையும் சொன்னேன். நான் என்ன கண்டேன், மொத்தப் பேரும் சொன்னபடி செய்வார்கள் என்று?

அன்று விடியற்காலையில் தளவாய்புரத்தில் லட்சம் பேர். சரி, சரி, டீக்கடைக் கூட்டமும் முதல் பஸ்ஸுக்கு நின்றவர்களும். மாலை போட்டு அனுப்பினார்கள். சேத்தூரில் ஒரு பொன்னாடை, ஒரு சோடா, ஒரு சொற்பொழிவு. ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட்டில் நான்கு பொன்னாடை, நான்கு சொற்பொழிவு. எல்லாருக்கும் முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நின்று நான் வாங்கிக்கொண்டேன். பின்னால் ஐந்து பேர் நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டு என்னை முறைத்தார்கள்.

நீ போன பிறகு கேப்டன் நம் ஸ்பின்னிங் வெங்கடேசுதான். தெலுங்கு வீட்டுப் பையன். அவனுக்குக் கோபம் வந்தால் வீட்டுப் பேச்சும் கூடவே வந்துவிடும். "ஏமய்யா, ஓட வந்தீரா, கல்யாண ஊர்வலம் வந்தீரா? வெயில் ஏறுது, ரா ரா!"

"ஏலே, குடுக்கதை வேண்டாம்னு சொன்னா அவுக மனசு சங்கடப்படும்லா."

"சங்கு ஊதுனா எஸ்தரக்கா மனசு சங்கடப்படும். அதைப் பாரும்."

நான் வாயை மூடிக்கொண்டேன். என்னை வாய்மூட வைத்தவர்கள் இந்த ஜில்லாவிலேயே இரண்டு பேர். நீ ஒருத்தன், அன்றைக்கு அவன்.

ஊரைத் தாண்டியதும்தான் உண்மையான ஓட்டம். ஐந்து பொன்னாடையும் வியர்வையில் ஊறிக் கல்லாகக் கனத்தன. கழற்றி வெங்கடேசு தோளில் போட்டேன். திட்டிக்கொண்டே சுமந்தான். தூரத்தில் ஆண்டாள் கோபுரம் தெரிந்தது. அது ஒரு மாயக் கோபுரம், மாப்பிள்ளை. இந்தா வந்துவிட்டோம் என்று தோன்றும், நாம் ஓடுகிற வேகத்தில் அதுவும் பின்னால் போகும். தொடை பிடித்துக்கொண்டது. பஸ் ஒன்று பக்கத்தில் மெதுவாக வந்தது. "அண்ணாச்சி, ஏறுறீரா?" என்று கண்டக்டர் கேட்டான். குனிந்து உன் ஷூவைப் பார்த்தேன். "நீ போப்பா, முன்னால போயி நான் வாரேன்னு சொல்லு" என்றேன்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் நுழைந்தால், ஐயோ, பந்தல்! வாழைமரம், நாதஸ்வரம், மைக் செட். கடைக்காரர்கள் சங்கத் தலைவரான பால்கோவாக் கடைக்காரர் சரிகை போட்ட பட்டுப் பொன்னாடையோடு மேடையில் நிற்கிறார். "மறைந்த ராஜமணியின் இடத்தில் ஓடி வரும் மாவீரர் அருள்தாஸ் அவர்களே, மேடைக்கு வருக!" மைக்கில் என் பெயர், மாப்பிள்ளை. ஊர் முழுக்கக் கேட்டிருக்கும். பிறந்ததிலிருந்து நான் காத்துக்கிடந்த சத்தம் அது.

என் கால் தானாக மேடைப் பக்கம் திரும்பியது. ஐந்து பேரும் நின்றுவிட்டார்கள். மேடையேறினால் தலைவர் பேசுவார், செயலாளர் பேசுவார், நானும் பேசுவேன். நான் பேச ஆரம்பித்தால் எப்போது முடிப்பேன் என்று உனக்குத் தெரியாதா?

மேடையைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டேன். நிற்காமல் ஓடிவிட்டேன்.

தலைவர் விடுவாரா? பொன்னாடையைப் பிடித்துக்கொண்டு இறங்கி என் பின்னால் ஓடிவந்தார். என் தொந்தியைவிடப் பெரிய தொந்தி. "யோவ், நில்லுமய்யா! போத்திட்டுப் போயிருதேன்!" அவர் துரத்த, நான் பறக்க, கடைவீதியே கைதட்டியது. பட்டுத்துணியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற கள்ளன் என்று அவரை ஒருத்தர் மறித்ததாகக்கூடக் கேள்வி. இதில் முக்கால்வாசியைக் கழித்துக்கொள்.

கோர்ட் வாசலில் எஸ்தர் நின்றுகொண்டிருந்தாள். ஆறு பேரும் கை கோத்து அவள் முன்னால் போய் விழுந்தோம். அதற்குப் பிறகுதான் சங்கு ஊதியது. முதலாளி சாவியை எடுத்து உன் எஸ்தர் கையில் கொடுத்தார். அவள் என் காலைத்தான் பார்த்தாள். "ஷூ தாங்கிருச்சே அண்ணே" என்றாள்.

செத்த நேரத்தில் தலைவர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். அவர் கையிலிருந்த பொன்னாடையை வாங்கி அவருக்கே போர்த்திவிட்டேன். பின்னே, அவரும்தானே ஓடிவந்தார்? அடுத்தவருக்கு நான் போர்த்திய முதல் பொன்னாடை அது.

இப்போதைய சேதி: வேனுக்கு வெள்ளை அடித்தாகிவிட்டது. முதல் சவாரி கூமாப்பட்டியிலிருந்து ஒரு பிள்ளைத்தாய்ச்சி. தாயும் பிள்ளையும் நலம். என் ஐந்து பொன்னாடையையும் எஸ்தர் கேட்காமலே வெட்டி, வேன் சன்னலுக்குத் திரையாகத் தைத்துவிட்டாள். நான் இங்கே வடை சுட்டுக்கொண்டிருக்க, என் பொன்னாடைகள் மதுரைக்குப் போய்வருகின்றன. எந்த வீரனுக்குக் கிடைத்தது இந்த மரியாதை?

வருகிற வருஷமும் ஓடச் சொல்கிறார்கள். ஓடுவேன். அது கிடக்கட்டும். நான் உயிரோடு இருக்கிறவரை, வண்டி இல்லை என்கிற சொல் உன் எஸ்தர் காதில் விழாது. டிரைவர் வராவிட்டால் நானே ஓட்டுவேன். அதற்காகத்தான் இப்போது வெங்கடேசிடம் வண்டி பழகிக்கொண்டிருக்கிறேன்.

இதில் மட்டும் பாதியைக் கழிக்காதே.

உன் சேக்காளியும்,
உன் பிள்ளைகளின் தாய்மாமனுமான
உன் மச்சான் அருள்தாஸ்