முக்காட்டு லேஸ்

மடவாஸ்கா,
ஆகஸ்ட் 14, 1983

என் கண்ணு லூசெட்டுக்கு,

சேசுவின் ஆசீர் உனக்கு. உன் அண்ணன் ரெனாட் காகித ஆலையில் மேஸ்திரி ஆகிவிட்டான். உன் தங்கை கொலின் நர்ஸ் பரீட்சையில் தேறினாள். சின்னவன் அர்மாண்டின் உருளைக்கிழங்குக்குக் கண்காட்சியில் முதல் பரிசு நீல ரிப்பன். எல்லாருக்கும் மேலே நீ. பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்து அக்டோபரில் ஆண்டவருக்கு வார்த்தைப்பாடு கொடுக்கப் போவதாக எழுதியிருந்தாயே, அந்த வரியைச் சத்தம் போட்டு வாசித்தேன். அஞ்சாம் வகுப்போடு கிழங்கு பொறுக்கப் போனவளின் பேத்தி கன்னியாஸ்திரி! பங்குச்சாமி பூசையிலேயே அறிவித்துவிட்டார். அடுத்த பெஞ்சு ஓசித்தின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

உன் கல்யாணத்துக்கென்று வைத்திருந்த என் கல்யாண முக்காட்டு லேஸைப் பிரித்து, பலிபீடத் துணிக்கு ஓரம் தைத்துக் கொடுத்துவிட்டேன். இனி உனக்கு அது எதற்கு? கூடத்தில் என் சித்தி கன்னியாஸ்திரி படத்துக்குப் பக்கத்தில் உன் படத்துக்காக ஆணியும் அடித்தாயிற்று.

உன் பாட்டி,
எக்ஸில்டா

போர்ட்லாந்து,
ஆகஸ்ட் 23

அன்புள்ள பாட்டி,

நான் கன்னியாஸ்திரி ஆகவில்லை. இது மூன்றாம் சபை, வேலை வெட்டி, குடும்பம் உள்ளவர்களுக்கு. நான் பழையபடி பஸ் ஓட்டுவேன், இதே வாடகை வீட்டில் இருப்பேன். காலை மாலை செபம், மாதம் ஒரு கூட்டம், எளிய வாழ்க்கை. யூனிபாரத்துக்குள் ஒரு மரச்சிலுவை, அவ்வளவுதான். ரோட்டுப் பனி அள்ளும் வண்டி ஓட்டும் ஜெரால்ட் கேட்டால் கல்யாணமும் செய்துகொள்வேன்.

உங்கள் கடிதத்தைக் கடைசி நிறுத்தத்தில் வைத்து வாசித்து அழுதுவிட்டேன். ஏற வந்த கிழவி ஒருத்தி, "என்னம்மா, பிரேக் போச்சா?" என்று கேட்டாள்.

தெளிவாக எழுதாதது என் தப்பு. யாரோடாவது மனத்தாங்கல் இருந்தால் முதலில் சமாதானமாகிவிட்டு வா என்பது எங்கள் சபை வழக்கம். உங்களுக்கு என்மேல் வருத்தம் இருந்தால் எழுதுங்கள். வார்த்தைப்பாட்டைத் தள்ளி வைக்கிறேன். இல்லையென்றால் வந்து என் பக்கத்தில் நில்லுங்கள்.

லூசெட்

மடவாஸ்கா,
செப்டம்பர் 18

லூசெட்டுக்கு,

பதில் தாமதம். கிழங்கு அறுவடை என்று சொல்லலாம். உண்மையில் பேனாவைத் தொடப் பிடிக்கவில்லை.

உன் கடிதத்தைக் காட்டியதும் பங்குச்சாமி பூசையில் திருத்திச் சொன்னார். ஊரே திரும்பி என்னைப் பார்த்தது. வாசலில் ஓசித் பிடித்துக்கொண்டாள். "ஏண்டி எக்ஸில்டா, உன் பேத்தி கன்னியாஸ்திரியா, பஸ் டிரைவரா?"

"பஸ் ஓட்டுறா. செபமும் பண்றா. உன் பேத்தி இதுல ஒண்ணாவது பண்றாளாடி?" என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். வீட்டுக்கு வந்து நான்தான் அழுதேன்.

லேஸைத் திருப்பிக் கேட்கப் போனேன். முழங்கால் போட்டுப் பார்த்தால் அது அங்கே அழகாகத்தான் இருக்கிறது. மெழுகு வேறு சொட்டியிருக்கிறது. விட்டுவிட்டு வந்தேன். ஜெரால்ட் கேட்டால் லேஸ் இல்லாமல்தான் உனக்குக் கல்யாணம். அது என் நெஞ்சில் இன்னும் குத்துகிறது.

வருத்தமே இல்லை என்று எழுதினால் பொய். இருக்கிறது, ஆனால் உன்மேல் இல்லை. முந்திரிக்கொட்டைத்தனமாய் ஊரெல்லாம் தம்பட்டம் அடித்த என் வாய்மேல். உன் சபைப் பெரியவர்களிடம் அப்படியே சொல். நாளைத் தள்ளாதே. பக்கத்தில் நிற்க என்னால் வர முடியாது. மனசு இன்னும் அந்தளவுக்கு ஆறவில்லை.

சுவரில் ஆணி சும்மா நிற்கிறது. புதுப் படம் ஒன்று தபாலில் அனுப்பு. பஸ் யூனிபாரத்திலேயே எடு. சிலுவையை மட்டும் சட்டைக்கு வெளியே எடுத்துப் போட்டுக்கொள்.

பாட்டி