ஒசாகாக் கோட்டைப் பூங்காவில் அப்பாவின் பெயர்

2 மார்ச் 1974, சனி. மெல்பேர்ண்

நான் வேலை செய்யும் கம்பளிப் பரிசோதனைக்கூடத்தில் யப்பான் பயிற்சிக்கு என்னைத் தெரிவு செய்துவிட்டார்கள். நோபல் பார்க்கில் அண்ணா வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அண்ணாவின் முகம் கறுத்தது.

"அப்பாவைப் பிடிச்சுக்கொண்டு போனவங்கட நாட்டுக்கோ? விசரே உனக்கு?"

அண்ணாவின் மனைவி யோகா மச்சாள் தேத்தண்ணியோடு குசினி வாசலில் அப்படியே நின்றா.

3 மார்ச்

அப்பா மலாயாவில், ஈப்போவில் ரயில்வே கிளாக்கர். 1943இல் சயாமில் ரயில்பாதை போட யப்பான் இராணுவம் அவரைக் கொண்டுபோனபோது எனக்கு ஏழு வயது. உடலும் வரவில்லை, சேதியும் வரவில்லை. அம்மா எங்களை யாழ்ப்பாணத்துக்குக் கூட்டி வந்தா.

அதுக்கு நான் ஏன் ஒளிய வேணும்? பிழை செய்தது நானோ?

9 மார்ச்

அண்ணா தொலைபேசியில்: "போனியெண்டால் என்ர வாசல்படி மிதியாதை."

"போட்டு வாறன் அண்ணா" என்று வைத்துவிட்டேன். 

7 ஏப்ரல், ஞாயிறு. ஒசாகா

பயிற்சி நடக்கும் ஆலையில் ஒரு பெண் சொன்னாள்: கோட்டை வளவு யுத்தம் முடியும்வரை இராணுவத்தின் கையில் இருந்ததாம், இப்போது எல்லாருக்கும் பூங்காவாம். அப்பாவைக் கொண்டுபோன இராணுவத்தின் இடமென்றால் அங்கேதான் போக வேண்டும். இருந்ததில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு போனேன்.

அகழியைத் தாண்டினால் ஆனை அளவு கற்கள். செர்ரி மரங்கள் பூத்துச் சொரிந்தன. அவற்றின் கீழே பாய் விரித்துக் குடும்பம் குடும்பமாகச் சாப்பாடு. எனக்குக் கோபம்தான் வந்தது. இவ்வளவு வடிவாக இருக்க இவர்களுக்கு என்ன உரிமை?

ஒரு மர வாங்கில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு கிழவர். சேலையைப் பார்த்து, "இந்தியா?" என்றார்.

"மலாயா. ஈப்போ."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. உடைந்த மலாயில், "ஈப்போ! நல்ல ஊர். நான் இருந்திருக்கிறேன்" என்று சிரித்தார். எந்த ஆண்டில் என்று கேட்கவா வேண்டும்?

எனக்கு மிஞ்சியிருந்த மலாயில், ஒவ்வொரு சொல்லாக, உரத்துச் சொன்னேன்: "என் அப்பா பெயர் அருணாசலம். சயாம் ரயில்பாதை. திரும்பி வரவில்லை."

சிரிப்பு நின்றது. எழுந்து இடுப்புவரை குனிந்தார். நான் குனியவில்லை. "பரவாயில்லை" என்றும் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேணும்? பரவாயில்லையோ அது?

அவர் போய்விட்டார். நான் எழும்பவில்லை. போக வேண்டியது நானல்ல. பொழுதுபடும்வரை அங்கேயே இருந்தேன்.

21 ஏப்ரல், ஞாயிறு. மெல்பேர்ண்

நேரே அண்ணா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் வழிவிடவில்லை.

"ஆர் உன்னைக் கூப்பிட்டது?"

"ஒருத்தரும் கூப்பிடேல்லை. வந்தனான்."

அவரை விலக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதிரையில் இருந்தேன். நடந்ததைச் சொன்னேன். அண்ணா சுவரைப் பார்த்தபடியே கேட்டார்.

"அப்பான்ர பேரைச் சொன்னனியோ? அவங்கட கோட்டைக்குள்ளையோ?"

"ஓம்."

"உரத்தோ?"

"உரத்துத்தான்."

மச்சாள் கேட்காமலே எனக்கும் ஒரு கோப்பை தேத்தண்ணி போட்டா.